சிவப்பு எந்தப் பக்கம் போகுது, மாஸ்டர்?

எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் குறிப்புகளை இலக்கமிட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். வாழ்நாள் முழுவதும் கணிதம் படிப்பித்தவனுக்கு வேறு வழி தெரிவதில்லை. ஹனீபா மாஸ்டரைப் பற்றி நினைவு மலருக்கு எழுதித் தரும்படி பழைய மாணவர்கள் நீங்கள் கேட்டபோதும் அப்படியே செய்தேன். என் குறிப்புகள் இவை:

1. செய்தி வந்த விதம்.
2. தட்டுகள் எங்களிடம் வந்த விதமும் அவற்றை அவர் தேர்ந்த விதமும்.
3. அவருடைய நாக்கும் முழங்கால் தண்டனையும்.
4. அவருக்குக் கடைசிவரை தெரியாமற் போன ஒன்று.
5. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது.

இந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். நான்காவதை எழுத எனக்குத் தைரியம் வருமா என்று மட்டும் தெரியவில்லை.

செய்தி காலையில் வந்தது. முன்னேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தொலைபேசி அடித்தது.

"சேர், நான் பர்ஸானா. ஹனீபா சேர்ட மகள்."

"சொல்லுங்கோ பிள்ளை."

"வாப்பா மௌத்தாயிட்டாங்க சேர். சுபஹு தொழுதுட்டுச் சாஞ்சவங்க. தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பக்குள்ள எழும்பல்ல. அஸருக்கு அடக்கம்."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். முஸ்லிம் பாடசாலையில் பதினெட்டு வருடம் இருந்து, அஸர் தொழுகையின் நேரம் அறிந்தவன் கேட்கும் கேள்வியா அது? அந்தப் பிள்ளை பொறுமையாக, "மூண்டரைக்கு சேர்" என்றாள்.

உண்மையை எழுதுவதென்றால், முதலில் எனக்குத் துக்கம் வரவில்லை. ஓர் ஆறுதல் வந்தது. இருபது வருடமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவந்த மனிதர் இனிக் கேட்கமாட்டார் என்ற ஆறுதல். அதற்குப் பிறகுதான், பஸ்ஸில் சிலாபம் தாண்டிய பின்னர், அழுகை வந்தது. அது எதற்கான அழுகை என்று நான் விசாரிக்கவில்லை.

புத்தளத்தில் அவருடைய வீட்டு வாசலில் போடப்பட்டிருந்த கதிரைகளில் உங்களில் பலரைக் கண்டேன். "நாக்குத்தான் பொல்லாத நாக்கு, ஆள் தங்கமான ஆள்" என்று நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் தலையாட்டினேன். ஆனால் அது பொருத்தமான கணிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய நாக்கும் பொல்லாதது, ஆளும் இலேசானவர் அல்ல. அப்படியே நினைவு வைத்திருப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

புறப்படும்போது பர்ஸானா ஒரு பொதியைக் கொண்டுவந்து கையில் தந்தாள். கோதுமை மாப் பையில் சுற்றி, மீன்வலை நூலால் கட்டியிருந்தது. "இத ஒங்களுக்குக் குடுக்கச் சொல்லி வாப்பா போன நோன்புலயே சொல்லிட்டாங்க. மறக்காம குடு, மாஸ்டர் கேக்க வெக்கப்படுவார் எண்டாங்க" என்றாள். வீட்டுக்கு வந்து அதை அலுமாரியின் மேல் தட்டில் வைத்தேன். திறக்கவில்லை. நான் எதையும் உடனே திறப்பவன் அல்ல.

இனித் தட்டுகள். இளைய தலைமுறைக்கு இது விளங்க வேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

யுத்த காலம். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் கற்பிட்டி வீதியோரமெல்லாம் கிடுகுக் குடிசைகளில் இருந்தன. ஹனீபா மாஸ்டர் மன்னார்ப் பக்கத்திலிருந்து மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் வந்தவர். அங்கே அவர் உடற்பயிற்சி ஆசிரியர். அதற்கான கடிதங்களும் பிறப்புப் பத்திரமும் அங்கேயே, விட்டுவந்த வீட்டு அலுமாரியிலே கிடந்தன. பத்திரம் இல்லாதவருக்கு நியமனம் இல்லை. ஆகவே எங்கள் பாடசாலையில் அவர் தொண்டர் ஆசிரியர். அதாவது, எல்லா வேலையும் செய்யலாம், ஆசிரியர் என்று கையெழுத்து வைக்கமுடியாது. நிரந்தர நியமனம் ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் அப்போது வேண்டியிருந்தது. அது கிடைத்தால் குடிசையிலிருந்து வெளியே வரலாம். கிடைக்காவிட்டால் உப்பளத்தில் மூட்டை தூக்கவேண்டும். இதை அவர் மறைத்ததில்லை. "எனக்கு ஒரு கடதாசி வேணும் மாஸ்டர். மனிசன் எண்டு எழுதின கடதாசி" என்பார்.

அகதிமுகாமுக்கு உதவி செய்ய வந்திருந்த நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர், தன் நாட்டில் பிள்ளைகள் விளையாடுவது என்று சொல்லி, பதினொரு பிளாஸ்ரிக் தட்டுகள் கொண்ட ஒரு பையைப் பாடசாலைக்குத் தந்தார். தூரத்தில் ஒரு கூடையை நட்டு, குறைந்த எறிகளில் தட்டை அதற்குள் சேர்க்கவேண்டும். அதுதான் விளையாட்டு. கூடைக்குக் கிட்டே போன பின்னர் எறிவதற்கு விளிம்பு தடித்த மொட்டைத் தட்டுகள் இருந்தன. முதல் எறிக்கு விளிம்பு அகன்று கூரான தட்டுகள். அவற்றை வெள்ளைக்காரர் டிரைவர் என்றார், நாங்கள் தூரத்தட்டு என்றோம். ஒவ்வொன்றிலும் நான்கு இலக்கங்கள் அச்சிட்டிருந்தன. எவ்வளவு வேகம் வேண்டும், எவ்வளவு நேரம் மிதக்கும், வேகமாகப் போகும்போது எவ்வளவு வலப்பக்கம் திரும்பும், வேகம் குறைந்ததும் எவ்வளவு இடப்பக்கம் சரியும் என்பவை அவை. வலக்கைக்காரர் எறியும்போது உள்ள கணக்கு அது. இலக்கம் என்றதும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு கொப்பி வாங்கி, கோடிட்டு, எழுதத் தொடங்கினேன். அன்றுமுதல் பையும் கொப்பியும் என் பொறுப்பு. எறிவது அவர்.

என் அட்டவணையைப் பார்த்து அவர் சிரித்தார்.

"மாஸ்டர், இந்த நாலு இலக்கமும் தட்டுட பிறப்புப் பத்திரம். எங்க பொறந்திச்சி, யாருக்குப் பொறந்திச்சி எண்டு சொல்லும். இப்ப ஆள் எப்பிடி எண்டு சொல்லுமா? தென்னமரத்துல நூறு தரம் அடிபட்ட தட்டும், கடையில இருந்து வந்த தட்டும் ஒண்டா?"

அவர் சொன்னது சரிதான். அடிபட அடிபடத் தட்டின் குணம் இளகும். இடப்பக்கம் விழுந்துகொண்டிருந்தது நேராகப் போகும். நேராகப் போனது வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். எங்கள் மைதானத்தில் தென்னைகளும் முருகைக்கல்லும் மணலும் இருந்தன. ஒரு தட்டு ஆறு மாதத்தில் வேறு தட்டாகிவிடும். ஆகவே அவர் ஒரு நடைமுறையை வைத்தார். கண்டதை நான் பென்சிலால் எழுதவேண்டும். அதைக் காட்டினால் அவர் அதே தட்டை மூன்று தரம் எறிந்து பார்ப்பார். மூன்றும் ஒத்துவந்தால் சிவப்புப் பேனையால் சரி போட்டு, திகதி எழுதி, கையெழுத்து வைப்பார். "சரி போடாத வரி வெறும் ஊர்க்கதை" என்பது அவருடைய சொல். கையெழுத்து வைக்க அனுமதியில்லாத பாடசாலையில் அவர் கையெழுத்து வைத்த ஒரே இடம் அந்தக் கொப்பிதான்.

தட்டுகளை அவர் மூன்று குணமாகப் பிரித்தார். முரடு, நடு, இளகல். முரடு எவ்வளவு காற்றடித்தாலும் கடைசியில் இடப்பக்கம் வந்து விழும். நடு போட்ட கோட்டில் போகும். இளகல் வலப்பக்கம் திரும்பி, மெல்லிய கைக்கும் தூரம் கொடுக்கும். பையில் மூன்று குணமும் இருக்கவேண்டும். ஒரே குணத்தில் பத்துத் தட்டு வைத்திருப்பவன் ஒரு தட்டு வைத்திருப்பவன்தான் என்பார். எதிர்க்காற்றில் எந்தத் தட்டும் இருப்பதைவிட இளகலாக நடக்கும். ஆகவே தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு எதிரே எறிவதென்றால் முரட்டைத்தான் எடுக்கவேண்டும். பின்காற்றில் இளகலை எடுக்கலாம். நான் இன்றும் இவற்றை ஒப்புவிப்பேன். உங்களில் யாருக்கு இது மறந்திருக்கும்?

எல்லாரும் எடுக்க ஆசைப்பட்டது மிக அகன்ற விளிம்புள்ள கறுப்புத் தட்டைத்தான். அதற்குத்தான் இலக்கம் பெரியது. உள்ளூர்ப் பையன் ஒருவன், நல்ல உடம்பு, அதைப் பிடிவாதமாகக் கேட்டான். ஹனீபா மாஸ்டர் கொடுத்தார். பத்துத் தரம் எறியவைத்தார். பத்தும் நாற்பது அடியில் இடப்பக்கம் சரிந்து விழுந்தன.

"உன்ட கையில இல்லாத வேகத்தத் தட்டுத் தராது. கேட்டதும் வாங்கித் தர அது என்ன உன்ட மாமாவா?" என்றார். "எவ்வளவு தூரம் போகும் எண்டு கேக்காத. உன்ட கைக்கு எவ்வளவு தூரம் சொல்லுக் கேக்கும் எண்டு கேளு."

பிறகு முகாமிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டு, விளிம்பு குறுகிய மஞ்சள் இளகல் தட்டைக் கொடுத்தார். அது தென்னை உயரத்துக்குக்கூட எழும்பாமல், வலப்பக்கம் மெல்லத் திரும்பி, பின் நேராகி, பையனுடைய பத்து எறிகளையும் தாண்டிப் போய் விழுந்தது. எல்லாரும் கைதட்டினோம். அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார்.

"நல்லாப் பாருங்கடா. நிவாரண அரிசி திண்ட கை இது. கோழி திண்டவனெல்லாம் வெக்கப்படுங்க."

பிள்ளையின் முகம் சுருங்கியதை நான் கண்டேன். அவர் பாராட்டினாலும் அப்படித்தான். அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை நீளக் கைச் சட்டை போட்டு வந்தது. அதன் பிறகு மைதானத்துக்கு வரவே இல்லை.

தண்டனை உங்களுக்குத் தெரியும். பிழையான தட்டைத் தேர்ந்தவர் அந்தத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் முழங்காலில் நிற்கவேண்டும். தட்டு விழுந்தால் நேரம் கூடும். மற்றவர்கள் சிரிக்கலாம், சிரிக்காவிட்டால்தான் அவருக்குக் கோபம் வரும். "சிரிங்கடா. வெளிய போனா இதவிட மோசமாச் சிரிப்பானுகள். இப்பவே பழகட்டும்" என்பார்.

எனக்கும் அது நடந்தது. அன்று பச்சைத் தட்டை எடுத்து, அதன் இலக்கங்களை வாசித்து, கடைசியில் இடப்பக்கம் விழும் என்று பிள்ளைகள் முன்னால் விளக்கினேன். அவர் எறிந்தார். அது வலப்பக்கம் போய்த் தாழம்புதருக்குள் விழுந்தது.

"மாஸ்டர், பிழை" என்றார். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, "பிழை விட்டா சட்டம் என்ன?" என்று கேட்டார்.

"முழங்கால்!" என்று கத்தினீர்கள்.

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். நானும் சிரித்துவிட்டு நின்றிருக்கலாம். ஐம்பது வயது, வெள்ளைக் காற்சட்டை, சட்டைப்பையில் வெண்கட்டி. நான் முழங்காலில் இருந்தேன். அவர்கூடத் திகைத்துப்போனார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எழும்புங்க என்று சொல்லவில்லை. பச்சைத் தட்டை எடுப்பித்து என் தலையில் வைத்துவிட்டு, "பாருங்க, கணக்கு மாஸ்டருக்கு மண்டை மட்டமானது. தட்டு அசையாது" என்றார். சிரிப்பு எழும்பியது. அவர் பாடத்தைத் தொடர்ந்தார். மணியடிக்கும்வரை நான் அங்கேயே இருந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு உறைப்பது.

நான்காவது குறிப்புக்கு வந்துவிட்டேன்.

அந்த மைதானத்தின் கடற்பக்கம் முட்கம்பி வேலி. அதற்கு அப்பால் படையினர் மணல்மூட்டை அடுக்கிய காவலரண். கம்பியில் வெற்றுத் தகரப்பேணிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றும் கம்பியைத் தாண்டி வரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பிள்ளைகளை அங்கே விளையாட விட்டார்கள். கடைசிக் கூடை தெற்கே இருந்தது. அதற்கு எறியும்போது கச்சான் முகத்தில் அடிக்கும். கம்பி வலப்பக்கம் இருக்கும். ஆகவே அந்தக் கூடைக்கு முரட்டைத் தவிர வேறு தட்டு எடுப்பதில்லை. பையில் முரடு இரண்டு: சிவப்பு ஒன்று, மிக அகன்ற கறுப்பு ஒன்று.

தலவில தேவாலயத் திருவிழாவுக்கு பஸ்கள் நிறைந்து போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. கல்வி அதிகாரி ஒருவர் வெள்ளைக்காரரோடு பாடசாலைக்கு வருவதாக அதிபர் அறிவித்தார். தொண்டர் ஆசிரியர்களில் சிலரை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகிறது என்றும், பத்திரம் இல்லாதவர்களுக்கு விசேட திறமை என்று ஒரு வழி இருக்கிறது என்றும், அதிகாரி இந்த விளையாட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஹனீபா மாஸ்டரின் பெயர் உள்ளே போகும் என்றும் சொன்னார். அன்று ஹனீபா மாஸ்டர் என்னிடம் வந்து, "மாஸ்டர், எனக்கு ஒரு எறிதான் இரிக்கி" என்றார். அவர் குரல் தணிந்து பேசியதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதிகாரி வரவிருந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு, மைதானத்தில் யாரும் இல்லாத பாடவேளையில், நான் தனியே பையோடு போனேன். யாரும் பார்க்கும்போது எறிய எனக்குக் கூச்சம். சிவப்பைக் கச்சானுக்கு எதிரே எறிந்தேன். என் மெல்லிய கைக்கே வலப்பக்கம் திரும்பியது, திரும்பி வரவில்லை. மூன்று தரம் எறிந்தேன். மூன்றும் அப்படியே. கொப்பியில் பென்சிலால் எழுதினேன்: "சிவப்பு. எதிர்க்காற்றில் வலம். திரும்பவில்லை. மூன்றுக்கு மூன்று." முரடு இளகிவிட்டது. அதை அவரிடம் காட்டவேண்டும், அவர் சரி போடவேண்டும். அதுதான் நடைமுறை.

முதல் நாள் காட்டவில்லை. பிழையென்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். முழங்கால் வலி அப்போதும் இருந்தது. இரண்டாம் நாள் அவர் பிள்ளைகளோடு நின்றார். மூன்றாம் நாள் காட்டலாம் என்று போய்த் திரும்பி வந்தேன். நான்காம் நாள் நான் போகவே இல்லை.

அதிகாரி வந்தார். பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டு, செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். முதல் மூன்று கூடைகளும் நன்றாக நடந்தன. வெள்ளைக்காரர் கைதட்டினார். அதிகாரி அதிபரின் காதில் ஏதோ சொல்லித் தலையாட்டினார். கடைசிக் கூடைக்கு வந்தோம். கச்சான் மணலை வாரி அடித்தது.

"முரடு தாங்க மாஸ்டர்" என்று பின்னால் கையை நீட்டினார்.

என் கையில் இரண்டும் இருந்தன. நான் சிவப்பைக் கொடுத்தேன். வழமையாக அவர் விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பார். அன்று அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தடவவில்லை. என் மேல் நம்பிக்கையும் இருந்திருக்கவேண்டும்.

மறந்து கொடுத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிவந்தேன். மறக்கவில்லை. கூடையைத் தவறவிடுவார், எல்லாரும் சிரிப்பார்கள், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கம்பிவரை போகும் என்று நினைக்கவில்லை. என் மெல்லிய கையால் எறிந்து கண்ட கணக்கை அவர் கைக்குப் பெருக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கணித ஆசிரியன்.

சிவப்பு நேராகப் போய், எழும்பி, வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. திரும்பிக்கொண்டே போனது. அது இடப்பக்கம் வரும் என்று அவர் கையை நீட்டியபடியே காத்து நின்றார். கம்பியில் பேணிகள் கலகலத்தன. காவலரணிலிருந்து ஒருவர் கத்தினார். பிள்ளைகள் நிலத்தில் படுத்தார்கள். அது அந்தக் காலத்துப் பழக்கம்.

சீருடையில் மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் தட்டைக் கையில் வைத்திருந்தார். "மேக மொகக்த?" என்றார், இது என்னவென்று. ஹனீபா மாஸ்டருக்குச் சிங்களம் வராது. எனக்கு வரும், சிலாபத்துப் பக்கம் வளர்ந்தவனுக்கு அது வீட்டு மொழி மாதிரி. ஆகவே நான் நடுவில் நின்றேன்.

விளையாட்டு என்றேன். யார் எறிந்தது என்றார். இவர் என்றேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். அவர் முகம் மாறியது. பிறகு அவர் சிரித்துக்கொண்டு ஒன்று கேட்டார். அதை நான் மொழிபெயர்த்தேன்.

"பிள்ளைகள் பிழையா எறிஞ்சா நீங்க என்ன செய்வீங்க எண்டு கேக்கிறார்."

ஹனீபா மாஸ்டர் என்னைப் பார்த்தார். "தலையில தட்ட வெச்சி முழங்கால்ல வெப்பேன் எண்டு சொல்லுங்க" என்றார்.

அவர் பொய் சொல்லமாட்டார். ஆனால் நான் சொல்லியிருக்கலாம். ஏசுவார், வீட்டுக்கு அனுப்புவார், எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. ஒழுங்காக, பிழையில்லாத சிங்களத்தில், அப்படியே சொன்னேன்.

"அப்ப செய்யச் சொல்லு" என்றார் அவர்.

ஹனீபா மாஸ்டர் மணலில் முழங்காலில் இருந்தார். சிவப்பைத் தலையில் வைத்தார்கள். உங்களில் பலர் அங்கே நின்றீர்கள். அவர் கண்ணை என் பக்கம் திருப்பி, "மாஸ்டர், பாத்துச் சொல்லுங்க, மட்டமா இரிக்கா?" என்று கேட்டார். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க அவர்தானே பழக்கியிருந்தார். சீருடைக்காரர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. உறுதியாகச் சொல்லமுடியவில்லை.

அதிகாரி செவ்விளநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழும்பினார். "இப்படியான பிரச்சினைக்குள்ள நாங்க வர ஏலாது" என்று அதிபரிடம் சொன்னார். வெள்ளைக்காரர் ஏதோ பேசப் போனபோது அவருடைய தோளைத் தொட்டு வாகனத்துக்குக் கூட்டிப் போனார். வாகனம் மறைந்த பின்னரும் வெகுநேரம் ஹனீபா மாஸ்டர் முழங்காலில்தான் இருந்தார். சீருடைக்காரர்கள் தட்டை அவர் தலையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குழப்பத்தில் பையும் கொப்பியும் காணாமற் போயின. அவற்றை அவர்கள்தான் எடுத்துப் போனார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. மைதானத்துக்குப் போகக்கூடாது என்றார்கள். அடுத்த தவணை அவர் வரவில்லை. புத்தளம் உப்பளத்தில் மூட்டை தூக்கினார்; உப்புத்தண்ணீர் பாதத்தை வெடிக்கவைத்தது, முழங்கால் முதலில் போனது, பிறகு இடுப்பு. யுத்தம் முடிந்து மன்னாருக்குப் போய்ப் பார்த்தபோது வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை, பத்திரமும் இல்லை.

எப்போதாவது புத்தளம் பஸ் நிலையத்தில் சந்திப்போம். ஒவ்வொரு முறையும், ஸலாம் சொல்வது மாதிரி, முதல் வார்த்தையாகக் கேட்பார்:

"சிவப்பு எந்தப் பக்கம் போகுது, மாஸ்டர்?"

"இடப்பக்கம்" என்பேன். கொப்பியில் அவர் கடைசியாகச் சரி போட்ட விடை அதுதான்.

"அப்பிடியா?" என்று சிரிப்பார். "அப்ப அண்டைக்கு என்ட கைதான் பிழை." பிறகு தேத்தண்ணீர் வாங்கித் தருவார். ஒரு முறைகூட என்னைக் காசு கொடுக்க விட்டதில்லை.

தன் கையைத் தானே நையாண்டி செய்கிறார் என்று நினைத்தேன். இருபது வருடம் தன் கை பிழைத்ததென்று நம்பியே அவர் மூட்டை தூக்கினார், உண்மையை ஒருவன் பென்சிலால் எழுதி மறைத்தான் என்பது தெரியாமலே போய்விட்டார். இதைத்தான் நான்காவது குறிப்பாக இட்டேன். உங்கள் முன்னால் இதைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்றும் எண்ணினேன்.

ஐந்தாவது குறிப்பை எழுதுவதற்காக நேற்றுக் காலை பொதியைத் திறந்தேன். என்னிடம் அவருடைய பொருள் வேறொன்றும் இல்லை; இதைப் பற்றி எழுதித்தான் ஆகவேண்டும். நூலை வெட்டாமல் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே சிவப்புத் தட்டு இருந்தது. அதன் கீழே என் கொப்பி.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். என் பென்சில் வரி அப்படியே இருந்தது: சிவப்பு, எதிர்க்காற்றில் வலம், திரும்பவில்லை, மூன்றுக்கு மூன்று. நான் எழுதிய நாளின் திகதியும் இருந்தது. அந்த வரிக்கு எதிரே, சிவப்புப் பேனையால், சரி போடப்பட்டிருந்தது. அதன் கீழே அவருடைய கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் அவர் எறிந்து பார்த்த நாளின் திகதி: முழங்காலில் இருந்ததற்கு அடுத்த நாள்.

வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்தக் கொப்பி முழுவதிலும் தேடினேன், இல்லை. முதல்நாள் மணலில் வீங்கிய முழங்காலோடு, மைதானம் இல்லாமல், முகாமுக்குப் பின்னாலுள்ள களப்போரத் தரவை வெளியில் கச்சானுக்கு எதிரே நின்று மூன்று தரம் எறிந்திருக்கிறார். நான் கண்டது சரியென்று கண்டிருக்கிறார். சரி போட்டிருக்கிறார். பிறகு இருபது வருடம் என் வாயால் அதைச் சொல்லவைக்கக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை ஒரு தட்டும், ஒரு சரியும், ஒரு கேள்வியும். கேள்விக்கு இப்போது விடை எழுதுகிறேன். வலப்பக்கம் போகிறது, ஹனீபா. வலப்பக்கம் போய்த் திரும்புவதில்லை.

மேலே நான் இட்ட குறிப்புகளில் நான்காவது பிழை. அவருக்குத் தெரியும்.